கண்ணாடிப் பெட்டியும் விஷத் தவளையும்: ஒரு சரித்திரக் குறிப்பு

அம்புத் தவளை வளர்க்கிறவர்கள் அதற்காக அமைக்கும் கண்ணாடிப் பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பார்வைக்கு மீன்தொட்டி மாதிரிதான். மீனுக்குத் தண்ணீர் எப்படியோ அப்படி இதற்கு ஈரக்காற்று. பெட்டியின் அடியில் சுட்ட களிமண் உருண்டைகளை இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்புகிறார்கள். மேலிருந்து வடியும் நீர் அங்கே போய்த் தங்கிவிடும், மண் அழுகாது. உருண்டைகளின் மேல் ஒரு வலை, வலையின் மேல் மண். மண் என்பது பேச்சுக்குத்தான். மரப்பெரணியின் நார், கரித்துண்டு, மரப்பட்டைச் சீவல், ஸ்பாக்னம் பாசி எல்லாம் சேர்ந்த ஒரு கலவை அது. அமெரிக்காவில் அட்லாண்டா தாவரவியல் பூங்காவில் உருவானதால் அந்தப் பூங்காவின் பெயராலேயே வழங்குகிறது. அதன் மேல் சருகு. பின்சுவரில் அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த புரோமிலியாட் செடிகள். அவற்றின் இலைக் கக்கங்களில் ஒரு கரண்டித் தண்ணீர் நிற்கும். வெப்பம் 22 முதல் 26 டிகிரி வரை, ஈரம் நூற்றுக்கு 80-க்குக் குறையக் கூடாது. ஆகவே மேல்மூடி ஏறக்குறைய முழுவதும் அடைத்தே இருக்கும்.

சருகை அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குள் ஸ்பிரிங்டெயில் என்ற பொடித் துள்ளுபூச்சிகளையும் ஐசோபாட் என்ற பலகால் ஜீவன்களையும் விட்டுவைக்கிறார்கள். அவை பூஞ்சணத்தையும் தவளையின் கழிவையும் தின்று பெட்டியைச் சுத்தம் செய்கின்றன. தவளை நடுநடுவே அவற்றையும் தின்றுவிடுகிறது. அதன் பிரதான உணவு வேறு: பறக்க முடியாத பழ ஈ. அமெரிக்காவில் மார்கன் 1910 வாக்கில் மரபியல் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட அதே ட்ரோஸோஃபிலா. பரிசோதனைச்சாலைகளில் பிறந்த ஊன ஈக்களின் சந்ததியைக் கால்சியப் பொடியில் புரட்டிப் பெட்டிக்குள் உதறுகிறார்கள். தவளை முட்டையிடுவதற்கு ஒரு கொட்டாங்கச்சியில் வாசல் வெட்டிக் கவிழ்த்து, அதனடியில் ஒரு பெட்ரி தட்டை வைக்கிறார்கள். சருகுகளில் பலருக்கும் பிடித்தமானது நம் தெருக்களில் காலையில் கூட்டித் தள்ளுகிற நாட்டுவாதுமை இலை. மேல்நாடுகளில் அதைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள்.

இந்தத் தவளையை நான் நேரில் பார்த்ததில்லை. என் அக்கறை பெட்டியின் மீது. இந்தப் பத்திரிகையில் தவளைக்கு என்ன வேலை என்று நினைப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். கவிதை விமர்சனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்பதில் எனக்கே திட்டமான அபிப்பிராயம் கிடையாது.

இப்பெட்டியின் பிதா நதானியேல் பாக்ஷா வார்ட் என்ற டாக்டர். லண்டன் கிழக்குப் பகுதியில், துறைமுகத்துக்குச் சமீபத்தில், வெல்க்ளோஸ் சதுக்கத்தில் வைத்தியம் பார்த்து வந்தார். சிறுவயதில் கப்பலேறி ஜமைக்கா வரை போய் வந்தவர். வெப்ப நாட்டுத் தாவரங்களின் மேல் அன்று பிடித்த பித்து கடைசி வரை விடவில்லை. வீட்டுப் புறத்தில் பாறைகளை அடுக்கிப் பெரணி வளர்த்துப் பார்த்தார். சுற்றியிருந்த ஆலைகளின் நிலக்கரிப் புகையில் அவை கருகிப் போயின. 1829-ல் ஒரு ஸ்ஃபிங்ஸ் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணில் புதைத்து, ஒரு கண்ணாடிச் சீசாவில் வைத்து மூடினார். பூச்சி வெளிவருவதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் உத்தேசம். பகலில் மண்ணிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் படிந்து துளித்துளியாய் மறுபடி மண்ணுக்கே இறங்குவதைக் கவனித்தார். சில நாளில் மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளை காட்டின. பாறை மேல் வருஷக்கணக்கில் பாடுபட்டும் பிழைக்காத பெரணி, சீசாவில் கேட்பாரின்றிப் பிழைத்தது.

ஜன்னலுக்கு வெளியே சீசாவை வைத்துவிட்டார். ஏறத்தாழ நாலு வருஷம் அந்தச் செடிகள் ஒரு சொட்டு நீர் கேட்கவில்லை. பிறகு வார்ட் ஊரில் இல்லாத சமயம் மூடி துருப்பிடித்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, இரண்டும் அழுகிவிட்டன. இந்தத் துருவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். எந்தப் பூச்சிக்காகச் சீசா வைக்கப்பட்டதோ அந்தப் பூச்சியைப் பற்றி அப்புறம் யாரும் அக்கறை காட்டவில்லை.

இனி வருவது கப்பல். 1833-ல் வார்ட் இரண்டு பெட்டிகளில் பெரணிகளையும் பாசிகளையும் வைத்து, கண்ணாடி இடுக்குகளை அடைத்து, கேப்டன் சார்ல்ஸ் மல்லார்ட் என்பவரிடம் சிட்னிக்கு அனுப்பினார். ஆறு மாதத்துக்கு நெருக்கமான பிரயாணம். செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அங்கே பெட்டிகளைக் காலி செய்து ஆஸ்திரேலியச் செடிகளை நிரப்பி 1834-ல் திருப்பி அனுப்பினார்கள். சிட்னியில் நல்ல கோடை. ஹார்ன் முனையில் தளத்தின் மேல் பனி, உறைநிலைக்கும் கீழே ஏழு டிகிரி. பூமத்திய ரேகையில் 49 டிகிரி. வழியில் ஒரு தடவைகூடத் தண்ணீர் ஊற்றவில்லை. லண்டனில் இறக்கியபோது, இங்கிலாந்தில் அதுவரை யாரும் உயிரோடு பார்த்திராத ஒரு பவளப் பெரணி உள்ளே பச்சையாக இருந்தது. ஹாக்னியில் பெரிய நர்ஸரி வைத்திருந்த ஜார்ஜ் லாடிஜஸ் என்பவர், முன்பெல்லாம் கப்பலில் வரும் இருபது செடிகளில் பத்தொன்பது சாகும், இந்தப் பெட்டி வந்தபின் இருபதில் பத்தொன்பது பிழைக்கின்றன என்று கணக்குச் சொன்னார். வார்ட் தம் புத்தகத்தை 1842-ல் வெளியிட்டார். 1845-ல் கண்ணாடி மேலிருந்த வரி எடுபட்டதும் ஆங்கிலேய நடுத்தர வீட்டுக் கூடங்களிலெல்லாம் பெரணிப் பெட்டி ஏறிக்கொண்டது. 1855-ல் சார்ல்ஸ் கிங்ஸ்லி இதற்குப் பெரணிப் பைத்தியம் என்று பெயரே வைத்துவிட்டார். நிலக்கரிப் புகைக்குப் பயந்து செய்த பெட்டி. அதன் கண்ணாடியை வார்த்ததும் நிலக்கரிச் சூளைதான்.

கூடத்துப் பெட்டி விளையாட்டு. கப்பல்தளத்துப் பெட்டி ராஜ்யம். ராபர்ட் ஃபார்ச்யூன் 1848-லிருந்து 1851 வரை சீனத்தில் வேஷம் போட்டு அலைந்து, சுமார் 20,000 தேயிலைச் செடிகளை இந்தப் பெட்டிகளின் துணையால் இமயமலைச் சாரலுக்கு அனுப்பினார். சின்கோனா இதைவிட நமக்குக் கிட்டத்தில் நடந்த கதை. 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த செடிகள் செங்கடல் வெக்கையில் வாடி, நீலகிரிக்கு வந்த கொஞ்ச நாளில் பட்டுப்போயின. எக்வடாரில் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் சேகரித்து, ராபர்ட் கிராஸ் பெட்டிகளில் கொண்டுவந்த சிவப்புப்பட்டைச் செடிகள் 1861-ல் உதகைக்கு உயிரோடு வந்து சேர்ந்தன. நடுவட்டத்தில் இவற்றுக்காகக் காடு திருத்திய கைகளில் மலாக்கா நீரிணைப் பக்கத்திலிருந்து கைதிகளாக அனுப்பப்பட்ட சீனர்களின் கைகளும் உண்டு. செடிகளைப் பெட்டியிலும் மனிதர்களை விலங்கிலும் இடம் மாற்றிய காலம்.

ரப்பரின் கணக்கை மட்டும் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். பாங்கில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இந்த மாதிரி வரவு செலவில் எனக்கு ஒரு சபலம். 1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேஸிலில் தபஜோஸ் ஆற்றுப் பக்கத்துக் காடுகளில் சேகரித்து, லண்டனில் கியூ தோட்டத்தில் ஒப்படைத்தது சுமார் 70,000 விதை. முளைத்தது சுமார் 2,700. அவற்றில் 1,919 நாற்றுகள் 38 வார்டியன் பெட்டிகளில் அதே வருஷம் ஆகஸ்டில் இலங்கைக்குக் கப்பலேறின. பெரும்பாலானவை பிழைத்தன. கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடையில் அவற்றுக்கென்று தோட்டம் போட்டார்கள். அடுத்த வருஷம் சிங்கப்பூருக்கு 22 செடிகள் போயின. 1888-ல் அங்கே தாவரவியல் தோட்டப் பொறுப்புக்கு வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் தினமும் பட்டை சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். மலேயாவின் ரப்பர் முதலில் இந்த எண்களில்தான் இருந்தது.

சிங்கப்பூரின் 22 செடிகளைப் பின்தொடர்ந்து போனவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். இந்த நூற்றாண்டு தொடங்கியபின் என்று கை தன்னால் எழுதுகிறது; போன நூற்றாண்டு, 1900-க்குப் பிறகு, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். அதற்கும் முன்னால், காப்பிக் காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்கள். அந்த நடையில் காலராவுக்கும் பட்டினிக்கும் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் சரித்திரக்காரர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நாற்றுகளுக்கு 1,919 என்று கடைசி ஒற்றை வரை தெரிகிறது. நாற்றுக்கு விலை இருந்தது, பதிவு இருந்தது. கங்காணிக்குப் பற்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனவனுக்கும் ஒரு பதிவு இருந்தது. ஆனால் அது கடன் பதிவு.

இந்தக் கணக்கில் எழுதாமல் விட்ட ஒரு பத்தி உண்டு. பெட்டி எதை ஏற்றிவந்தது என்பதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எதை ஏற்றாமல் விட்டது? அமேஸான் காட்டில் ரப்பர் மரத்துக்கு ஒரு ஜன்ம சத்ரு, இலையைக் கருக்கும் ஒரு பூஞ்சணம். காட்டில் ரப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று எட்டத்தில் நிற்பதால் அங்கே அது பெரிய சேதம் செய்வதில்லை. விக்கம் கொண்டுபோனது விதை; கியூவில் முளைத்துப் பெட்டி ஏறியது நோயில்லாத நாற்று. சத்ரு பின்தங்கிவிட்டான். அதனால்தான் மலேயாவிலும் இலங்கையிலும் மரத்தை மரத்தின் பக்கத்தில், ராணுவ அணிவகுப்புப் போல, ஆயிரக்கணக்கான ஏக்கரில் வைக்க முடிந்தது. ஹென்றி ஃபோர்டு 1928-ல் அதே தபஜோஸ் கரையில் ஃபோர்ட்லாந்தியா என்று ஊரே கட்டி, மரங்களை வரிசையில் நட்டார். பூஞ்சணம் அங்கே காத்துக்கொண்டிருந்தது. 1945-ல் எல்லாவற்றையும் பிரேஸில் அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆசிய ரப்பரின் ஐசுவரியத்தில் பாதி, பெட்டிக்குள் வந்த செடியால். மறுபாதி பெட்டிக்கு வெளியே நின்றுவிட்ட பூஞ்சணத்தால்.

தவளை விஷயத்தில் வெளியே நின்றுபோனது வேறொன்று. அதற்குக் கொலம்பியா போக வேண்டும்.

வார்ட் சீசாவை மூடுவதற்கு நாலு வருஷம் முன்பு, 1825-ல், சார்ல்ஸ் ஸ்டூவர்ட் காக்ரேன் என்ற ஆங்கிலக் கடற்படைக் கேப்டனின் கொலம்பியப் பிரயாண நூல் லண்டனில் வெளியாயிற்று. அதில் பசிபிக் கரையோரச் சோகோ மழைக்காட்டு மனிதர்கள் ஊதுகுழல் அம்புக்குத் தவளை விஷம் தோய்ப்பதைப் பற்றி ஒரு வர்ணனை உண்டு. தவளையைக் காட்டில் பிடித்து, உள்ளே துளையான ஒரு மூங்கில்தண்டு போன்ற கழியில் அடைத்து, விஷம் தேவைப்படும் நாள் வரை தவறாமல் இரை போட்டு வைத்திருப்பார்களாம். தேவை வந்ததும் ஒரு கூர்ங்குச்சியை அதன் வாய்வழியே செருகிக் கால்வழியே எடுப்பார்கள். வேதனையில் முதுகில் வெள்ளை நுரை தள்ளும். அதில் அம்புமுனையைத் தோய்ப்பார்கள். படிக்கிறவனுக்கு முதுகு சில்லிடும். என் கவனம் அந்தக் கழியில் நின்றுவிட்டது. அம்புத் தவளையை அடைத்து இரை போட்டு வளர்த்த முதல் கூடு என்று எழுத்தில் நமக்குக் கிடைப்பது அதுதான். வெறும் கழி, கண்ணாடி கிடையாது. பார்ப்பதற்காக வைத்தது இல்லையே, கண்ணாடி எதற்கு?

அங்கே வளர்த்தது விஷத்துக்காக. இந்தக் குடும்பத்துத் தவளைகள் எல்லாவற்றையும் அம்புத் தவளை என்று நாம் அழைத்தாலும், அம்புக்கு உதவுவதாக உறுதியாகத் தெரிந்தவை ஃபில்லோபேட்டஸ் இனத்தின் மூன்றே வகை. அவற்றில் கொடியதை மையர்ஸும் டேலியும் 1973-ல் கொலம்பியாவின் சைஹா ஆற்றுப் பக்கத்துக் காட்டில் சேகரித்து, மல்கினோடு சேர்ந்து 1978-ல் விவரித்தார்கள். பொன்மஞ்சள் நிறம், இரண்டு அங்குல நீளம். பெயரே டெர்ரிபிலிஸ். அதன் தோலில் பேட்ரகோடாக்ஸின் என்ற விஷம் ஒரு மில்லிகிராம் அளவு வரை இருக்கும். எம்பெரா மக்கள் அதைக் குத்துவதில்லை, நெருப்பில் காட்டுவதில்லை. உயிரோடு அதன் முதுகில் அம்புமுனையைத் தேய்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். அம்பில் வீரியம் ஒரு வருஷம்போல நிற்குமாம்.

அந்தத் தவளையைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுவந்தபோது, விஷம் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைந்தாலும் பல வருஷங்கள் அதை விட்டுப் போகவில்லை. பெட்டியில் பிறந்த அதன் குட்டிகளில் விஷம் அடியோடு இல்லை. 1980-ல் டேலி குழுவினர் இதை வெளியிட்டார்கள். அதே நிறம், அதே உருவம், அதே குரல், கையில் எடுத்தால் ஒன்றும் ஆகாது. விஷம் தவளையின் சொத்து இல்லை. சருகுக்கடியிலிருக்கும் எறும்பு, வண்டு, மண்ணில் வாழும் மைட் என்ற பொடி உண்ணி ஆகியவற்றிலுள்ள ஆல்கலாய்டுகளைத் தின்று, செரிக்காமல் தோலுக்கு அனுப்பிச் சேமித்து வைக்கிற சாமர்த்தியம்தான் அதனுடையது. பேட்ரகோடாக்ஸினே பின்னால், 1992-ல், நியூகினியின் பிட்டோஹூயி என்ற பறவையின் இறகில் அகப்பட்டது. 2004-ல் அந்தப் பறவைகள் தின்னும் ஒரு சின்ன வண்டிலும் அகப்பட்டது. பழ ஈயில் இது எதுவும் கிடையாது. பெட்டி தவளைக்கு ஈரத்தைக் கொடுத்தது, வெப்பத்தைக் கொடுத்தது, சருகைக்கூடக் கொடுத்தது. எறும்பைக் கொடுக்கவில்லை. அந்த ஒரு குறையால்தான் தவளை வீட்டுக் கூடத்தில் வைக்கத் தக்கதாயிற்று. வியாபாரம் நிற்பது இந்தக் குறையின் மேல்.

இதற்கு இன்னொரு சாட்சி. டேலி 1974-ல் எக்வடாரில் ஒரு சிறு தவளையின் தோல்சாற்றை எலிக்குச் செலுத்தியபோது மார்ஃபியாவைப் போல வால் விறைத்து நிமிர்ந்தது. 1976-ல் மறுபடி போய் 750 தவளைகளின் தோலிலிருந்து சேகரித்தது 60 மில்லிகிராம் சாறு. அதைக் கொண்டு அமைப்பைக் கண்டுபிடிக்க அன்றைய கருவிகளால் முடியவில்லை. பெட்டியில் வளர்த்த தவளைகளில் அந்த வஸ்து இல்லவே இல்லை. கருவிகள் முன்னேறும் வரை அந்தத் துளி காத்திருந்தது. 1992-ல் வெளியான அமைப்புக்கு எபிபேட்டிடின் என்று பெயர். வலியைக் கொல்வதில் மார்ஃபியாவைப் போல 200 மடங்கு. மருந்தாகக் கொடுக்க முடியாத அளவு விஷம். எந்தப் பூச்சியிலிருந்து அது தவளைக்கு வருகிறது என்பது தெரியவில்லை.

தாய்மை என்ற சொல்லை விஞ்ஞானக் கட்டுரையில் சந்திப்பது எனக்குக் கூச்சம் தருகிற காரியம். ஆனாலும் சொல்கிறேன். செம்புற்றுப்பழ நிறத்து ஒரு சிறு அம்புத் தவளை, தலைப்பிரட்டைகளை முதுகில் சுமந்து போய் புரோமிலியாட் கக்கத்து நீரில் ஒவ்வொன்றாய் விடுகிறது. பிறகு திரும்பத் திரும்ப வந்து, கருவுறாத முட்டையை அவற்றுக்கு உணவாக இடுகிறது. அந்த முட்டையில் தாய் சேர்த்த விஷமும் கொஞ்சம் கலந்து போகிறது என்று 2014-ல் நிரூபித்தார்கள். பெட்டியிலும் அந்தத் தாய் வருகிறது, முட்டையிடுகிறது. கொடுக்க அவளிடம் விஷம் இல்லை.

நம் வட்டத்தில் ஒரு காலத்தில் கவிதையைத் தன்னளவில் மூடிய முழுமை என்று வாதாடினோம். க்ளியந்த் ப்ரூக்ஸின் 1947-ஆம் வருஷத்துப் புத்தகத்தை, வகுப்பில் படித்தவர்களும் படிக்காதவர்களும், கலசம் கலசம் என்று மேற்கோள் காட்டினோம். அந்தக் கலசத்தை ப்ரூக்ஸ் எடுத்தது ஜான் டன்னின் ஒரு கவிதையிலிருந்து. டன்னிடத்தில் அது சாம்பல் வைக்கும் கலசம். இதை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. மேல்நாட்டுப் படிமக் கவிதையைப் பெட்டியோடு இறக்குமதி செய்து நாம் வளர்த்ததில் நிறமும் குரலும் அப்படியே வந்துவிட்டன, எறும்பு வரவில்லை என்று ஒரு நண்பர் கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாக்கியம் அவ்வளவு சுலபமாகச் சிரிப்பு வரவழைத்ததே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. உவமை ரொம்பக் கச்சிதமாகப் பொருந்தினால் அதை நம்பக் கூடாது. தவளைக்குத் திரும்புகிறேன்.

மூடிய பெட்டி ஒருபோதும் மூடியிருந்ததில்லை என்பதையும் பார்க்க வேண்டும். வார்டின் சீசா மூடி துருப்பிடித்தது. அவருடைய பெட்டிகளில் செடியோடு மண் போயிற்று, மண்ணோடு வேண்டாத குடித்தனக்காரர்கள் போனார்கள். 1878-ல் கியூவின் சூட்டறைகளில் சுத்தியல்தலைத் தட்டைப்புழு ஒன்று அகப்பட்டு, கியூவென்ஸே என்று தோட்டத்தின் பெயரையே பெற்றது. அதன் பூர்வீகம் தென்கிழக்காசியா. அமெரிக்கா 1912-ல் சட்டம் போட்டு, 1919-ல் இன்னும் இறுக்கி, மண்ணோடு வரும் செடிகளை அனேகமாய்த் தடுத்துவிட்டது. பிளாஸ்டிக்கும் விமானமும் வந்தபின் பெட்டிக்கு வேலையில்லை. கியூவுக்கு வந்த கடைசிப் பெட்டி 1962-ல் ஃபிஜித் தீவிலிருந்து வந்தது.

தவளைப் பெட்டியின் துரு இதைவிடப் பயங்கரம். வாஷிங்டனில் தேசிய மிருகக்காட்சிச்சாலையில் கண்ணாடிக்குள் வளர்ந்த நீல அம்புத் தவளைகள் தோல் உரிந்து செத்தன. தோலில் ஒரு கைட்ரிட் பூஞ்சணம் இருந்தது. 1999-ல் அதை முதல்முறையாகப் பிரித்தெடுத்து விவரித்தவர்கள் அது கிடைத்த தவளையின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: டெண்ட்ரோபேட்டிடிஸ். அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் மலையோடைகளில் தவளைகள் கூட்டம் கூட்டமாய் மறைந்துகொண்டிருந்தன. காரணம் இதுதான் என்று அப்போது தெளிவாயிற்று. 2018-ல் வந்த மரபணு ஆராய்ச்சி இந்தப் பூஞ்சணத்தின் பிறப்பிடம் கிழக்காசியா, அநேகமாகக் கொரியா, என்றும், போன நூற்றாண்டின் தவளை வியாபாரத்தோடு அது உலகமெல்லாம் பரவியது என்றும் சொல்கிறது. 2019-ன் ஒரு கணக்குப்படி, குறைந்தது 501 நிலநீர்வாழ் இனங்கள் இதனால் குன்றின. அவற்றில் 90 அழிந்தேபோனதாகக் கருதப்படுகிறது. பெட்டியின் பெயர்ச்சீட்டு ஒட்டிய அந்தப் பூஞ்சணம், பெட்டி ஏறாத தவளைகளைக் கொன்றது. ரப்பருக்குப் பூஞ்சணம் பின்தங்கியது. தவளைக்கு எறும்பு பின்தங்கிப் பூஞ்சணம் கூடவே வந்தது.

காட்டில் பிடித்து விற்பதை ஒழுங்குபடுத்த 1987-ல் இந்த இனங்களைச் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். கடத்தல் நிற்கவில்லை. கொலம்பியாவிலேயே அனுமதி பெற்று வளர்த்து ஏற்றுமதி செய்கிறவர்கள் வந்தார்கள். காட்டுத் தவளைக்கு விலை குறைந்தால் பிடிப்பதும் குறையும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. பெட்டியைச் சபிக்க நான் இதை எழுதவில்லை. பனாமாவில் பூஞ்சணம் கிழக்கே நகர்ந்து வரவர, அது வந்து சேருமுன் தவளைகளை வாரி எடுத்து, 2006-ல் எல் வாய்யே என்ற மலையூரில் ஒரு ஹோட்டலின் அறைகளில் வைத்துக் காப்பாற்றினார்கள். பிறகு கால்வாய்க் கரையில் கம்போவா என்ற இடத்தில் பழைய கப்பல் கண்டெய்னர்களைக் குளிரூட்டி அவற்றில் அடுக்கடுக்காகக் கண்ணாடிப் பெட்டிகள் வைத்தார்கள். பனாமாவின் பொன்தவளையைக் காட்டில் 2009-க்குப் பின் யாரும் உறுதியாகப் பார்க்கவில்லை. அது ஜீவித்திருப்பது பெட்டிகளில் மட்டும். கண்டெய்னருக்குள் நுழைகிறவர்கள் செருப்பை மாற்றிக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு போகிறார்கள்.

ஹவாயை விட்டுவிட்டேன். 1932-ல் ஓவஹு தீவின் மனோவா பள்ளத்தாக்கில், கொசுவைத் தின்னட்டும் என்று, பனாமாவின் தபோகா தீவிலிருந்து கொண்டுவந்த பச்சையும் கறுப்புமான அம்புத் தவளைகளைத் திறந்துவிட்டார்கள். பெட்டியில் வந்து பெட்டியை விட்டுப் போனவை. அறுபது வருஷம் கழித்து டேலி அவற்றின் தோலைப் பரிசோதித்தார். பனாமாவின் விஷங்களில் சில இருந்தன. சில அடியோடு இல்லை. பனாமாவின் உறவினர்களிடம் காணாத ஒன்றும் அவற்றிடம் இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கின் சருகில் எது கிடைத்ததோ அதிலிருந்து சேர்த்தது. அவற்றின் குஞ்சுகளைப் பிடித்து அறைக்குள் பழ ஈயும் சில்வண்டும் போட்டு வளர்த்துப் பார்த்தார். தோலில் ஒன்றும் இல்லை. பள்ளத்தாக்கில் இருந்தவை அங்கேயே இருக்கின்றன. மழை பெய்த காலைகளில் மலையேறப் போகிறவர்கள் நடைபாதையோரச் சருகில் அவற்றைப் பார்க்கலாம்.